ஒதுக்கப்பட்டவருக்குச் சபையில் இடம் கொடுப்பது எப்படி?

"எங்கள் சபையின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது" என்று சொல்லாத போதகர் இல்லை. சிறையிலிருந்து வந்தவரும், தொழுநோய் குணமானவரும், எச்.ஐ.வி. உள்ளவரும், குடியை விட்டவரும், திருநங்கையும் அந்தக் கதவு வழியாக வரத்தான் செய்கிறார்கள். நாலைந்து ஞாயிறு வருகிறார்கள், அப்புறம் காணோம். அவர்களை யாரும் விரட்டவில்லை. பக்கத்தில் வந்து யாரும் உட்காரவும் இல்லை. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, உள்ளே அவருக்கென்று ஓர் இடம் உண்டாக்க வேண்டும். அதை யார், எப்போது, எப்படிச் செய்வது என்பதை இங்கே பார்க்கலாம்.

மன்னிப்பு வேறு, சுகம் வேறு, சேர்த்துக்கொள்வது வேறு

இந்த மூன்றையும் பிரசங்கத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நடைமுறையில் மூன்றும் வெவ்வேறு ஆட்கள் செய்யும் வேலைகள். மன்னிக்கும் உரிமை காயப்பட்டவருக்கு உண்டு. அவருக்குப் பதிலாகச் சபை மன்னித்துவிட முடியாது. சுகம் கடவுளின் கையிலும் மருத்துவரின் கையிலும் காலத்தின் கையிலும் இருக்கிறது. சேர்த்துக்கொள்வது ஒன்றுதான் முழுக்க முழுக்கச் சபையின் கையில் இருப்பது. அதனால் அதை எதற்காகவும் காக்க வைக்கக் கூடாது.

இயேசு செய்த வரிசையைக் கவனியுங்கள். மாற்கு 1-ல் குஷ்டரோகியை முதலில் தொடுகிறார். "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு" என்பது தொட்ட பிறகு வரும் வார்த்தை. எரிகோவில் வரி வசூலிக்கும் சகேயு ஒரு வார்த்தை அறிக்கை செய்யுமுன்பே, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்னது அதற்கு அப்புறம்தான். "முதலில் திருந்தட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருக்கும் சபை இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

மன்னிக்க ஏதாவது இருக்கிறதா என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தொழுநோய் வந்தவர் என்ன தப்புச் செய்தார்? கணவனால் நோய்த்தொற்று வந்த பெண்ணிடம் எதை மன்னிக்கப் போகிறீர்கள்? யோவான் 9-ல் சீஷர்கள், இவன் குருடனாகப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, பெற்றோரா என்று கேட்கிறார்கள். இவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்பது பதில். குற்றமே இல்லாதவரைப் பார்த்து "கர்த்தர் உங்களை மன்னித்துவிட்டார், நாங்களும் ஏற்றுக்கொள்கிறோம்" என்பது அன்பான குரலில் சொன்னாலும் அவமானம்தான். இப்படிப்பட்டவர்களிடம் பல நேரம் சபைதான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அதைப் போதகர் நேரில், தனியாக, எதற்காகக் கேட்கிறோம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏதாவது மனவருத்தம் இருந்தால்" என்று பொதுவாகச் சொன்னால் அது மன்னிப்புக் கேட்டதாகாது.

முதல் ஞாயிறுக்கு முன்னால்

லேவியராகமம் 14-ல், குஷ்டம் குணமானவரைப் பார்க்க ஆசாரியன் பாளயத்துக்கு (இஸ்ரவேலர் கூடாரமிட்டுத் தங்கிய இடத்துக்கு) வெளியே புறப்பட்டுப் போக வேண்டும் என்றிருக்கிறது. அவர் உள்ளே வருமுன் இவன் வெளியே போகிறான். முதல் படி அதுதான். சபையிலிருந்து 2 பேர் அவரை அவர் சொல்லும் இடத்தில் போய்ப் பாருங்கள். ஒருவர் மட்டும் போனால் பாரம் முழுவதும் அவர் தலையில் விழும். ஆறு மாதத்தில் சலித்துப்போவார். நாலைந்து பேர் போனால் விசாரணைக் கமிஷன் மாதிரி ஆகிவிடும். பெண்ணைப் பார்க்கப் பெண்கள் போகட்டும். இந்த 2 பேரும் குறைந்தது ஒரு வருடம் கூட நிற்கத் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடங்க வேண்டாம். முன்பு சபையைத் துன்புறுத்திய சவுலைக் கண்டு எருசலேமில் எல்லாரும் பயந்தபோது, பர்னபா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் அப்போஸ்தலர் முன்னால் நிறுத்தினான். அந்த வேலைதான் இவர்களுடையது.

முதல் சந்திப்பு முக்கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்? உங்களைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியலாம்? எங்கே உட்கார்ந்தால் வசதி? எங்கள் சபையில் நீங்கள் பார்க்கத் தயங்கும் ஆள் யாராவது உண்டா, அல்லது உங்களைப் பார்த்தால் கலங்கக்கூடியவர் யாராவது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவரால் பாதிக்கப்பட்டவரே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தால், முதல் ஞாயிறே இருவருக்கும் விபரீதமாகிவிடும்.

பெயர் கேட்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். திருநங்கைக்கும், சிறையில் எண்ணால் அழைக்கப்பட்டவருக்கும் அது சின்ன விஷயமே இல்லை. உபாகமம் 23 சபைக்குள் வரக் கூடாது என்று தள்ளி வைத்த அண்ணகர்களுக்கு (விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு), ஏசாயா 56-ல் கடவுள் முதலில் வாக்களிப்பது தம்முடைய ஆலயத்தில் ஓர் இடமும் ஒரு பெயரும்.

கேட்கக் கூடாதவை: என்ன குற்றம் செய்தீர்கள், நோய் எப்படி வந்தது, எத்தனை வருடம் உள்ளே இருந்தீர்கள். அவரே சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் அது அவருடைய சொத்து. பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இதற்கு விலக்கு. அதைப் பற்றிப் பின்னால்.

நோய் பற்றிய பயம்

சபையின் பயத்தைப் பிரசங்கத்தால் மட்டும் போக்க முடியாது, தகவலும் வேண்டும். ஒரு மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து அரை மணி நேரம் பேச வையுங்கள். குறிப்பிட்ட நபர் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே, யாரையும் சுட்டாமல், பொதுவாக. அவர் வந்த அடுத்த வாரம் கூட்டம் போட்டால் எல்லாருடைய கண்ணும் அவர் மேல் திரும்பும்.

தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. 1873-ல் நார்வேயில் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். கூட்டு மருந்துச் சிகிச்சை 6 மாதம் அல்லது 12 மாதம். நோய் முழுமையாகக் குணமாகும். சிகிச்சை தொடங்கிவிட்டால் அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது. கை குலுக்குவதாலும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலும் தொற்றாது. விரல் மடங்கியிருப்பது நோய் இன்னும் இருப்பதற்கு அடையாளம் இல்லை. நரம்பு பாதிக்கப்பட்டதன் மிச்சம் அது. எச்.ஐ.வி. எச்சிலால் பரவாது, பொதுவான திருவிருந்துப் பாத்திரத்தாலும் பரவாது. காசநோய் வேறு மாதிரி: நுரையீரல் காசநோய் சிகிச்சை இல்லாவிட்டால் காற்றில் பரவும். மருந்து தொடங்கியபின், இனி கூட்டத்துக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை வீட்டில் போய் ஜெபியுங்கள். அதற்குப் பிறகு தள்ளி வைக்கக் காரணமே இல்லை.

உணர்ச்சி இழந்த கையைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. தொழுநோயால் நரம்பு போனவருக்குச் சூடு தெரியாது. ஆராதனை முடிந்ததும் அன்போடு ஒரு உலோகத் தம்ளரில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொடுத்தால், தோல் பொசுங்கும்வரை பிடித்துக்கொண்டிருப்பார். கைப்பிடி உள்ள கோப்பையில் ஆறவைத்துக் கொடுங்கள். திருவிருந்தில் (நற்கருணை என்பவர்களும் உண்டு) மடங்கிய விரல்களில் அப்பத்தைச் செருகப் பார்க்காமல் உள்ளங்கையில் வையுங்கள். சின்னஞ்சிறு கிண்ணங்கள் அவர் கையில் நிற்காது. அகலமான ஒன்றைத் தட்டில் தயாராக வைத்திருங்கள், முன்கூட்டியே, யாரும் கவனிக்காதபடி. பாதத்தில் புண் இருப்பவரை முழங்கால் போடும்படியோ நெடுநேரம் நிற்கும்படியோ சொல்ல வேண்டாம்.

குடியை விட்டவர் வரும் சபையில் திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சைச் சாறு இருக்கட்டும். அவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் என்றால் அதுவே ஓர் ஒதுக்கல். எல்லாருக்கும் அதையே கொடுத்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

முதல் ஞாயிறு

அந்த 2 பேரில் ஒருவர் வாசலில் காத்திருக்கட்டும், இன்னொருவர் உள்ளே இடம் பிடித்து வைக்கட்டும். கடைசி வரிசை வேண்டாம். அது தப்பித்துப் போக வசதியான இடம், ஆனால் யாரும் பேச வராத இடம். முதல் வரிசையில் உட்கார வைத்தால் காட்சிப்பொருளாகிவிடுவார். நடுவில், நடைவழி ஓரத்தில், இருபுறமும் ஆள் இருக்கும்படி உட்காரட்டும். அவர் வேறு இடம் கேட்டால் அதுதான் சரியான இடம்.

"இன்று நம் நடுவில் ஒரு விசேஷித்த சகோதரர் வந்திருக்கிறார்" என்ற அறிவிப்பு வேண்டாம். கெட்ட குமாரன் கதையையோ சமாரியப் பெண்ணையோ அன்றைக்குப் பிரசங்கிக்கவும் வேண்டாம். தொடுதல் நல்லது, வருடக்கணக்காக யாரும் தொடாத உடம்புக்கு அது மருந்து. ஆனால் அடிபட்டு வளர்ந்தவருக்குத் திடீரென்று தோளில் விழும் கை பயத்தைத்தான் தரும். உங்கள் கையை நீட்டுங்கள். பிடிப்பதை அவருக்கு விடுங்கள்.

ஆராதனையைவிட ஆபத்தானது ஆராதனை முடிந்த பிறகு வரும் 10 நிமிடம். எல்லாரும் தங்கள் தங்கள் ஆட்களோடு வட்டம் கூடிவிடுவார்கள். புதியவர் நடுவில் நிற்பார், போனை எடுத்துப் பார்ப்பார், மெல்ல நகர்ந்துவிடுவார். பெரும்பாலானோர் திரும்பி வராமல் போகத் தீர்மானிப்பது இந்த 10 நிமிடத்தில்தான். மூன்று குடும்பங்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்: ஒவ்வொருவரும் வந்து சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசினால் போதும். என்ன பேசுவது? எல்லாரிடமும் பேசுவதுதான்: எங்கே இருக்கிறீர்கள், பாட்டு எப்படி இருந்தது, அடுத்த வாரம் பார்ப்போம்.

ரகசியம் கசிவது பெரும்பாலும் வம்புப் பேச்சில் இல்லை, ஜெபக்குறிப்பில். "இன்னாருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், அவருக்கு இன்ன நோயாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போனால் முடிந்தது. அவர் அனுமதி இல்லாமல் பெயரோ காரணமோ எந்த ஜெபப் பட்டியலிலும் வரக் கூடாது என்று சபை மூப்பர்கள் தீர்மானமாகவே எழுதி வைக்க வேண்டும்.

சாட்சி சொல்லச் சொல்லும் அவசரமும் இதே வகை. மீண்டு வந்தவரின் கதை கேட்பவர்களுக்கு உற்சாகம்தான்; சொன்னவரோ அன்றிலிருந்து "அந்தக் கேஸ்" ஆகிவிடுகிறார். குறைந்தது ஒரு வருடம் கேட்கவே கேட்காதீர்கள். குணமான குஷ்டரோகியிடம் யாருக்கும் சொல்லாதே என்றார் இயேசு. பிசாசு பிடித்திருந்தவனிடம் போய் உன் வீட்டாருக்குச் சொல் என்றார். ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதைச் சொல்வதால் நன்மை அவருக்கா, நமக்கா?

சுகத்துக்காக ஜெபிக்கும்போது

யாக்கோபு 5 சொல்வது எளிமையானது: மூப்பர்கள் வரட்டும், எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும். கையை வைக்குமுன் "எதற்காக ஜெபிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். கண் தெரியாமல் கூப்பிட்ட பர்திமேயுவிடமே, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்டார். காலுக்காக ஜெபிக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்; மகள் போனில் பேச வேண்டும் என்று அவர் ஏங்கிக்கொண்டிருப்பார்.

மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஜெபிப்பவருக்குக் கிடையாது. எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகும். மனநோய் மருந்தைத் திடீரென்று விட்டால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் ஒரு வாரம் மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம். குணமானேன் என்று ஒருவர் சொன்னால் மகிழுங்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆசாரியனிடம் போய்க் காட்டு என்று இயேசு அனுப்பியது அதற்குத்தான்: அன்றைக்குச் சான்று தரும் அதிகாரம் ஆசாரியனிடம் இருந்தது. குணமாகாவிட்டால் "விசுவாசம் போதவில்லை" என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரன் (பக்கவாதக்காரன்) கதையில், இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு என்றுதான் இருக்கிறது. சுமந்தவர்களின் விசுவாசமும் கணக்கில் வருகிறது.

உண்மையிலேயே தப்பு நடந்திருந்தால்

பணத்தை எடுத்தவர், மனைவியை அடித்தவர், குடும்பத்தைக் கெடுத்தவர் திரும்பி வரும்போது வேலை கூடுகிறது. அவர் சொல்லும் அறிக்கையில் மூன்று இருக்க வேண்டும்: என்ன செய்தேன் என்று பெயர் சொல்லிச் சொல்வது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்று ஒத்துக்கொள்வது, எதைத் திருப்பித் தரப்போகிறேன் என்பது. "சூழ்நிலை அப்படி" என்று தொடங்கினால் இன்னும் பழுக்கவில்லை, காத்திருங்கள். சகேயுவைப் பாருங்கள். ஏமாற்றி வாங்கியதைத் தானே ஒத்துக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது லேவியராகமம் 6. அவன் நாலத்தனை என்றான். அது யாத்திராகமம் 22-ல் ஆட்டைத் திருடி விற்றவனுக்கு விதித்த அளவு. தன்னைத் திருடன் கணக்கிலேயே வைத்துக்கொண்டான்.

காயப்பட்டவரை அவசரப்படுத்துவது சபைகள் செய்யும் மிகப் பெரிய தவறு. "ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே" என்று அவரிடம் வசனம் சொல்லாதீர்கள். அதே மத்தேயு 18-ல் கடன்பட்ட வேலைக்காரன் உவமையைக் கணக்குப் போட்டுப் படியுங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ராஜா அவனுக்குத் தள்ளுபடி செய்த 10,000 தாலந்து யாராலும் தீர்க்க முடியாத தொகை, உண்மைதான். ஆனால் அவனுக்கு உடன் வேலைக்காரன் திருப்பித் தர வேண்டிய 100 வெள்ளிப்பணமும் மூன்று மாதத்துக்கு மேலான கூலி. அதை இயேசு சில்லறை என்று சொல்லவில்லை. ஒருவரின் காயத்தைச் சின்னதென்று சொல்லி மன்னிப்பு வாங்கப் பார்க்காதீர்கள். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கை குலுக்கச் சொல்வதும் வேண்டாம். காயப்பட்டவர் காலை ஆராதனைக்கு வந்தால் மற்றவர் மாலைக்கு வரட்டும். இடம் மாற வேண்டியவர் எப்போதும் தப்புச் செய்தவர்தான்.

மன்னிப்பும் நம்பிக்கையும் ஒன்றில்லை. மன்னிப்பு ஒரு நாளில் கிடைக்கலாம்; நம்பிக்கை மாதக்கணக்கில் வளர்வது. பணத்தில் தவறியவரைக் காணிக்கைப் பெட்டியிடம் விடாதீர்கள். அவரைக் காப்பாற்றுவதற்கும் அதுதான் வழி. பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர் எத்தனை வருடம் ஆனாலும், எவ்வளவு அழுது அறிக்கை செய்தாலும், ஞாயிறு பள்ளிக்கும் வாலிபர் முகாமுக்கும் பக்கத்தில் வரக் கூடாது. அவர் ஆராதனைக்கு வர அனுமதித்தால் எந்த நேரம், எந்த வாசல், யார் துணை என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புதிதாக ஒரு குற்றம் தெரிய வந்தால் காவல்துறைக்குச் சொல்லுங்கள். சபைக்குள்ளேயே பேசி முடிப்பது மன்னிப்பு ஆகாது, மறைப்பு.

ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் முடியும் தேதியையும் அன்றைக்கே எழுதுங்கள். தேதி இல்லாத தண்டனை யாரும் முடித்து வைக்காமலே வருடக்கணக்கில் ஓடும். கொரிந்து சபையில் ஒருவனைக் கண்டித்தார்கள். இரண்டாம் நிருபத்தில் பவுல், அது போதும், இனி அவன் துக்கத்தில் அமிழ்ந்து போகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது. நிறுத்துங்கள் என்று ஒருவர் சொன்னால்தான் தண்டனை நிற்கும்.

பழைய உறுப்பினர்களின் முணுமுணுப்பு

"இவரெல்லாம் வந்தால் நாங்கள் எப்படி வருவது?" இது வரும். அவர்களைக் கடின இருதயக்காரர் என்று மேடையிலிருந்து குத்திக்காட்டினால் வேலை கெடும். கெட்ட குமாரன் கதையில் தகப்பன் இரண்டு முறை வெளியே போகிறார்: ஓடிப்போய் இளையவனைக் கட்டிக்கொள்ள ஒரு முறை, உள்ளே வராமல் நின்ற மூத்தவனை வருந்திக் கூப்பிட இன்னொரு முறை. அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். நோய்ப் பயம் என்றால் மருத்துவத் தகவல். பிள்ளைகளைப் பற்றிய கவலை என்றால் என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறோம் என்ற விவரம். வெறும் கௌரவப் பிரச்சினை என்றால் பொறுமையாக, ஆனால் உறுதியாக, அவர் வருவார் என்று சொல்லுங்கள். கருத்துச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு, தடுக்கும் உரிமை இல்லை. ஒரு குடும்பம் விலகிப் போனால் துக்கம்தான். அதற்காகப் புதியவரிடம் "கொஞ்ச நாள் வராமல் இருங்களேன்" என்று கேட்டுவிடாதீர்கள்.

வேலை கொடுங்கள்

மூன்று மாதம் வந்துபோனவருக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். எப்போதும் விருந்தாளியாக இருப்பவர் வீட்டு ஆள் ஆவதில்லை. பெருக்குவது, நாற்காலி அடுக்குவது மட்டும் கொடுத்தால், வெளியே இருந்த தாழ்ந்த இடத்தை உள்ளேயும் கொடுத்ததாகிவிடும். வேதபாகம் வாசிக்கட்டும், பாடகர் குழுவில் நிற்கட்டும், திருவிருந்துத் தட்டை ஏந்தட்டும்.

லேவியராகமம் 14-க்குத் திரும்பிப் போவோம். குணமானவன் ஏழு நாள் காத்திருந்து எட்டாம் நாள் வருகிறான். ஆசாரியன் அவனுடைய வலது காதின் மடலிலும், வலது கையின் பெருவிரலிலும், வலது காலின் பெருவிரலிலும் இரத்தத்தைப் பூசி, அதன்மேல் எண்ணெயையும் பூசுகிறான். ஆறு அதிகாரம் முன்னால், ஆரோனை ஆசாரியனாக அபிஷேகம் செய்தபோது இரத்தம் பூசியதும் இதே மூன்று இடத்தில்தான். "தீட்டு, தீட்டு" என்று கத்திக்கொண்டு பாளயத்துக்கு வெளியே இருந்தவனுக்கும் பிரதான ஆசாரியனுக்கும் ஒரே அடையாளம். ஏழை என்றால் மூன்று ஆட்டுக்குப் பதிலாக ஒரு ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாவும் போதும் என்று சலுகையும் இருக்கிறது. காதும் கையும் காலும் மட்டும் ஏழைக்கும் அதே மூன்றுதான்.

வராமல் போனால்

வராமல் போகிற நாளும் வரும். மறுபடி குடிப்பார், கோபித்துக்கொள்வார், வெட்கப்படுவார். இரண்டு ஞாயிறு காணவில்லை என்றால் மூன்றாவதுக்காகக் காத்திருக்காமல் அந்த 2 பேரும் நேரில் போங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், கணக்குக் கேட்பது போல் இருக்கும். "பார்க்க வேண்டும் போலிருந்தது, வந்தோம்" என்றால் போதும். குடித்திருந்தால் அன்றைக்கு எதுவும் பேசாமல் பத்திரமாக இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் போங்கள். அவர் வாசிக்க வேண்டிய வேதபாகத்தை வேறு ஆளுக்கு நிரந்தரமாக மாற்றிவிடாதீர்கள். "இந்த வாரம் ஒருவர் வாசித்தார், உங்கள் முறை அப்படியே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வாருங்கள். கதவைத் திறக்காவிட்டால் ஒரு சீட்டில் இருவர் பெயரும் போன் எண்ணும் எழுதி வைத்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடி போங்கள்.